இரண்டு நஞ்சுக்கொடிகள்

என் மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளுடைய நஞ்சுக்கொடியைப் பார்த்துவிட்டேன். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர், "அதையெல்லாம் எதுக்குப் பார்த்தே?" என்று கேட்கிறார்கள். எதற்குப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமானால் தெள்ளார் பக்கத்து அக்கா ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இல்லாவிட்டால் அப்படி ஒன்றைக் கேட்கவே எனக்குத் தோன்றியிருக்காது.

ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது என் வேலை. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பூவும் மாங்காயும் மயிலும் வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டுத் தறிக்கு மேலே மாட்டுவார்கள். கணவர் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறார். கொரோனா இரண்டாம் அலை வந்தபோது எனக்கு எட்டாம் மாதம். கல்யாணங்கள் நின்றுபோயிருந்ததால் டிசைன் கேட்டு யாரும் வரவில்லை. மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் எப்படி இருந்தாலும் அரிசி வேண்டுமே.

எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டபோது நானும் போய் வரிசையில் நின்றேன். ஊசி போடும் பெண் என் வயிற்றைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"மாசமா கீறீங்களே. உங்களுக்கு இப்போ போடக் கூடாதுங்க. ஆர்டர் வரல."

"போட்டா இன்னா ஆவும்?"

"தெரியலங்க."

"போடலன்னா?"

அவள் சிரித்துவிட்டாள். "அதுவும் தெரியலங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அந்த இரண்டு பதிலையும் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கோபம் வரவில்லை. உலகத்தில் எத்தனை பெண்கள் இந்த நேரத்தில் மாசமாக இருப்பார்கள், அத்தனை பேரைப் பற்றியும் யாருக்கும் ஒன்றும் தெரியாதா என்று ஆச்சரியமாக இருந்தது.

முதலில் கணவருக்கு இருமல் வந்தது. மில்லில் இரண்டு பேருக்கு வந்திருந்ததாம். பிறகு எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கிய பிறகுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவேன். ஆரணி ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, கொரோனா இருக்கிறது என்று சொல்லி, நிறைமாதத்தை நெருங்குகிறவள் என்பதால் ஆம்புலன்ஸில் ஏற்றி வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கணவருக்கும் தொற்று இருந்ததால் அவரைக் கூட வரவிடவில்லை. வண்டிக் கதவருகே வந்து நின்று, "போனை ஆஃப் பண்ணிடாத," என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு முறை இருமினார்.

கொரோனா வந்த கர்ப்பிணிகளுக்கென்று ஒரு வார்டை ஒதுக்கியிருந்தார்கள். துணைக்கு ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். பெரிய ஜன்னல்கள், ஓயாமல் சத்தம் போடும் மின்விசிறிகள், வரிசையாகக் கட்டில்களில் முகக்கவசம் போட்ட வயிற்றுக்காரிகள். என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்தான் அந்த அக்கா. நான் பையை வைப்பதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

"எந்த ஊரு?"

"ஆரணி."

"பட்டுப் பொடவைக்காரியா! நான் தெள்ளார் பக்கம். எங்களுக்கு மல்லாட்டக் கொல்ல. இது ரெண்டாவது புள்ள. மொதப் பொண்ணு மூணாவது படிக்கிறா. நடுவுல எத்தினி வருசம் காத்துகினு இருந்தேன் தெரியுமா?"

அவள் கணவர் டிராக்டர் ஓட்டுகிறவர். வீட்டில் மாமியார்தான் எல்லாம். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பிடுங்கி, ஆய்ந்து, காயவைக்கிற சமயத்தில் காய்ச்சல் வந்துவிட்டதாம். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். அன்றிலிருந்து நான் அவளுக்கு "ஆரணிப் பொண்ணு." இன்றுவரைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

வார்டுக்கு வரும் டாக்டர் ஒரு பெண். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை. கண்ணாடிக்குள் ஆவி படிந்து கண் மட்டும் மங்கலாகத் தெரியும். பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை. குரல் இளசாக இருந்தது. அவர் வந்தால் அக்கா விடமாட்டாள், எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்கும் கேட்பதற்கு நிறைய இருந்தது. ஒரு நாள் அக்காவே ஒரு யோசனை சொன்னாள்.

"ஒரே அடியா கேட்டா அவங்களுக்கும் பேஜாரு. ஆளுக்கு ஒரு கேள்வி. தெனம் ஒண்ணு. அதுக்கு மேல வாணாம்."

அதன் பிறகு அன்றைய கேள்வி எது என்று காலையிலிருந்தே இரண்டு பேரும் யோசிப்போம். பக்கத்துக் கட்டில்காரிகளும் தங்கள் கேள்விகளை எங்களிடம் கொடுத்துவைக்க ஆரம்பித்தார்கள்.

அக்காவின் முதல் கேள்வி: "நான் இப்பிடி இருமிகினே இருந்தா உள்ள கீற புள்ளைக்கு ஆட்டம் குடுக்காதா?"

டாக்டர் சிரித்தது உறைக்குள்ளிருந்து கேட்டது. "லேசா ஆடும். ஆனா தண்ணிக்குள்ளதானே மிதக்குது, அடிபடாது. இருமல் சத்தம்கூட அதுக்குக் கேக்கும்."

"கேக்குமா? அப்போ எங்க மாமியார் பேசறதுலாம் கேட்டுருக்குமே!"

என் கேள்வி: "நான் இழுக்கிற மூச்சுல கிருமி இருந்தா, அது குழந்தைக்கும் போகுமா?"

"குழந்தை இன்னும் மூச்சே விடலம்மா. உங்க ரத்தத்துல இருக்கிற ஆக்சிஜன்தான் நஞ்சுக்கொடி வழியா அதுக்குப் போகுது. நீங்கதான் அதோட நுரையீரல்."

"கொடி வழியா கிருமி போகாதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பெரும்பாலும் போறதில்ல. அபூர்வமா சிலருக்குப் போயிருக்கு. ஏன் சிலருக்கு மட்டும்னு இன்னும் சரியா தெரியல."

டாக்டர் ஒருவர் "தெரியல" என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த டாக்டர்கள் அதட்டுவார்கள், இல்லாவிட்டால் "எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பி, "பாத்தியா, தெரியாதத தெரியாதுன்னு சொல்லுது. அப்போ தெரியும்னு சொல்றத நம்பலாம்," என்றாள்.

இன்னொரு நாள் அக்கா கேட்டாள்: "கொழந்தைக்குச் சோறு குடுக்கிறது அந்தக் கொடிதானே. அதுக்கு ஏன் நஞ்சுன்னு பேரு வச்சாங்க?"

டாக்டருக்குப் பதில் தெரியவில்லை. பிரசவம் முடிந்த பிறகும் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து, ஒருவேளை அதனால் இருக்கலாம் என்றார். அக்காவுக்குத் திருப்தி இல்லை. "ஒம்போது மாசம் சோறு போட்டத மறந்துட்டு, கடசியா செஞ்சத வச்சிப் பேரு குடுத்துட்டாங்க," என்றாள்.

தினமும் காலையில் நர்ஸ் ஒரு சின்னக் கருவியோடு வருவார். வயிற்றில் பசை தடவி அதை வைத்தால் குழந்தையின் இதயம் துடிப்பது வெளியே கேட்கும். என்னுடையது தடதடவென்று கேட்கும். அக்காவுடையது கொஞ்சம் அழுத்தமாகக் கேட்கும். "உன்னுது பவர்லூமு, என்னுது டிராக்டரு," என்று அவள் சொல்ல, வார்டே சிரிக்கும். சிரித்தால் எல்லோருக்கும் இருமல் வரும். இருமி முடித்து மறுபடி சிரிப்போம்.

ஒரு காலையில் அக்காவின் வயிற்றில் கருவியை வைத்த நர்ஸ் அதை இடம் மாற்றி மாற்றி வைத்தார். பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். என் வயிற்றில் வைத்தார், கேட்டது. திரும்ப அக்கா வயிற்றில் வைத்தார். கருவியின் கரகர சத்தம் மட்டும்தான் வந்தது.

"நேத்து சாயங்காலத்துலேருந்தே ஆடல," என்றாள் அக்கா மெதுவாக. "தூங்குதுன்னு நெனைச்சேன்."

டாக்டர் வந்தார். ஸ்கேன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, கையுறை போட்ட கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்.

அக்கா அழவில்லை. உடனே அழவில்லை. "ஏன்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"நல்லா யோசிச்சி சொல்லுங்க. நான் இன்னா பண்ணேன்?"

"நீங்க ஏதோ பண்ணதாலன்னு நான் நினைக்கல. ஆனா காரணம் எனக்கு இப்போ தெரியல."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். என்னால் கட்டிலை விட்டு இறங்கிப் போய் அவளைத் தொட முடிந்தது. அதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

வீட்டுக்குச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. அவளுக்குக் காதில் வைத்துப் பிடிக்கத் தெம்பில்லை, ஸ்பீக்கரில் போட்டாள். அவள் மாமியாரின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"சொன்னா கேட்டியா? வெயில்ல மல்லாட்ட காய வைக்காதன்னு சொன்னேன். ஒங்கம்மா ஊட்டுக்கு பஸ்ஸுல போவாதன்னு சொன்னேன். பப்பாளிய யாரு தின்னது? எத்தினி வருசம் கழிச்சி வந்த புள்ள..." அதற்கு மேல் அந்தக் குரலும் உடைந்துபோனது.

அக்கா போனை அணைத்தாள். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "ஒரு துண்டுதான் தின்னேன். ரெண்டு மாசம் ஆவுது. அதுவா இருக்குமா?"

பிரசவ அறைக்கு அழைத்துப் போவதற்கு முன் டாக்டர் மறுபடி வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "அம்மா, குழந்தை வந்த பிறகு வர்ற நஞ்சுக்கொடிய லேபுக்கு அனுப்பிப் பாக்கலாம்னு நினைக்கிறேன். உங்க சம்மதம் இருந்தாதான்."

"அதுல இன்னா தெரியும்?"

"சில சமயம் காரணம் தெரியும். சில சமயம் ஒண்ணும் தெரியாமலே போயிடும். உறுதியா சொல்ல முடியாது."

அக்கா கணவருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் வேண்டாம் என்றார். கொடியை நாய் நரி தொடாத இடத்தில் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும், அறுத்துப் பார்ப்பது பாவம் என்று அவர் அம்மா சொல்வதாகச் சொன்னார். இந்த வார்டுக் கொடி எதையும் வெளியே கொடுப்பதில்லை, மஞ்சள் பையில் போட்டு எரித்துவிடுவார்கள் என்று டாக்டர் விளக்கினார்.

"இத பாருங்க," என்றாள் அக்கா போனில். அவ்வளவு நாளில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "பாப்பாவ நீங்க வாங்கினு போயி எங்க வேணாலும் பொதைங்க. நான் கேக்க மாட்டேன். கொடி என்னுது. எனுக்கு ஏன் இப்பிடி ஆச்சின்னு தெரியணும். தெரியாம அந்த ஊட்டுல என்னால இருக்க முடியாது."

அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். மற்றவர்கள் பிரசவத்துக்குக் காத்திருக்கிற இந்த வார்டுக்குத் திரும்ப அழைத்துவர மாட்டார்கள், வேறு இடம் கொடுப்பார்கள் என்று நர்ஸ் சொன்னார். வண்டி நகரும்போது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஆரணிப் பொண்ணு, உன்னுது நல்லபடியா வரும். வந்தா உன் கொடியையும் டாக்டரம்மாகிட்ட குடுத்துடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாக்கட்டும். ஒண்ண மட்டும் பாத்தா இன்னா தெரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புடவையில் ஓரிடத்தில் பூ தப்பாக விழுந்தால் நாங்களும் அதைத்தான் செய்வோம். தப்பில்லாத பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேடுவோம். வயிற்றில் செத்த குழந்தையோடு படுத்திருக்கிற ஒருத்திக்கு அந்த நேரத்தில் இது எப்படித் தோன்றியது? இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அக்கா போன மறுநாளே எனக்கு ஆக்சிஜன் இறங்க ஆரம்பித்தது. முகத்தில் மாஸ்க் மாட்டி இடப்பக்கமாகவே படுக்கச் சொன்னார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலில் ஊசி. குழந்தையின் நுரையீரலுக்குப் பலம் சேர்க்கத் தொடையில் ஊசி. தாய்க்குக் குத்தினால் குழந்தைக்குப் போய்ச் சேரும் மருந்தும் உண்டு, சேராத மருந்தும் உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டேன். எது போகலாம் எது போகக் கூடாது என்று அந்தக் கொடிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மாஸ்க்குக்குள்ளிருந்தே கேட்டேன். "பேசாதீங்க, மூச்சு வாங்கும். குணமானதும் சொல்றேன்," என்றார் டாக்டர்.

மூச்சு தேறுவதாகத் தெரியவில்லை. குழந்தையின் அசைவும் குறைந்துகொண்டு வந்தது. காத்திருக்க வேண்டாம், இப்போதே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். கணவரிடம் போனில் சொன்னபோது, "சரி, சரி, சரி," என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். மார்புக்கு முன்னால் பச்சைத் துணி. உள்ளே யாரோ துணிமூட்டையில் கைவிட்டுத் தேடுவதுபோல் இருந்தது, வலி இல்லை. பிறகு ஒரு சின்ன அழுகை வந்து, சட்டென்று நின்றது. "பொண்ணு," என்றார்கள். மூச்சுக்கு உதவி வேண்டும் என்று துணியில் சுற்றி வேகமாக எடுத்துப் போனார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீலம் பாரித்த இரண்டு உள்ளங்கால்கள்தான்.

மனசு அந்தக் கால்களுக்குப் பின்னாலேயே போய்விட்டது. அப்போது டாக்டர் ஒரு கிண்ணத்தை எடுத்து அடுத்த மேஜையில் வைப்பதைப் பார்த்தேன். அக்கா சொன்னது ஞாபகம் வந்தது.

"டாக்டர், அது கொடியா? லேபுக்கு அனுப்புங்க, அக்காவுதோட. எனக்கு ஒரு தடவ காட்டுவீங்களா?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை என் தலைமாட்டுக்கே எடுத்து வந்தார்.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, ஈரல் நிறத்தில், கனமான ஒன்று. ஒரு பக்கம் கரடுமுரடாக, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் திருப்பினார். மறுபக்கம் வழவழவென்று பளபளத்தது. நடுவிலிருந்து வெள்ளையும் நீலமுமாக முறுக்கிய கயிறு ஒன்று கிளம்ப, அது தொடங்கும் இடத்திலிருந்து ரத்தக்குழாய்கள் நாலாபக்கமும் கிளைவிட்டுக் கிளைவிட்டு ஓரம்வரை போயிருந்தன. அழகாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"கரடுமுரடா இருக்கே, இது உங்க பக்கம். வழவழப்பா இருக்கிறது பாப்பா பக்கம்," என்றார் விரலால் காட்டி. "உங்க ரத்தம் இங்க வந்து நிக்கும். பாப்பா ரத்தம் அங்கேருந்து வந்து வேண்டியத எடுத்துக்கும். ரெண்டும் கலக்கறதில்ல."

"கலக்காதா?"

"கலக்காது. நடுவுல ரொம்ப மெல்லிசா ஒரு சுவர்."

ஒரே ரத்தம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், என் ரத்தம், என் ரத்தம் என்று. இவ்வளவு நாள் எனக்குள்ளேயே இருந்தும் அவள் தன் ரத்தத்தைத் தனியாகத்தான் வைத்திருந்திருக்கிறாள். தையல் போட்டு முடிக்கும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்ததால் பயப்பட நேரமில்லாமல் போனது.

குழந்தையைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தனியாக வைத்துப் பரிசோதித்தார்கள். தொற்று இல்லை. எடைதான் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டவரை அவளை என்னிடம் தரவில்லை. பாலைப் பீய்ச்சி நர்ஸிடம் கொடுத்தனுப்புவேன். பாலில் கிருமி போகுமா என்று அன்றைய கேள்வியாகக் கேட்டேன். பால் வழியாகத் தொற்றுவதாகத் தெரியவில்லை, மாறாக நோயை எதிர்க்கிற சத்துதான் போகிறது, தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

ஒரு பிற்பகலில் அக்கா போன் செய்தாள். குழந்தையைப் பற்றி விசாரித்தாள். சந்தோஷம் என்றாள், உண்மையாகவே சொன்னாள். பிறகு, "எனுக்குப் பால் வந்துகினு கீது," என்றாள். "துணி வச்சிக் கட்டிட்டாங்க. அப்பவும் வருது. புள்ள இல்லன்னு இதுக்கு யாருமே சொல்லலியா?"

டாக்டர் வந்ததும் இதைக் கேட்டேன். எனக்காக இல்லை, அக்காவுக்காக என்று சொல்லித்தான் கேட்டேன். கொடி வெளியே வந்துவிட்டால் உடம்பு அதையே செய்தியாக எடுத்துக்கொண்டு பால் சுரக்கத் தொடங்கும், குழந்தை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது என்றார். சொல்லிவிட்டு, "நானே அவங்க வார்டுக்குப் போய்ச் சொல்றேன்," என்று கிளம்பிப் போனார். போய்ச் சொல்லியும் இருக்கிறார். அக்கா இரவு உணவு வருவதற்கு முன் மறுபடி கூப்பிட்டாள். "உடம்பு மேல கோவமா இருந்துச்சி. இப்போ இல்ல. பாவம், அதுக்குத் தெரியல," என்றாள்.

மகளை முதன்முதலாக என் கையில் கொடுத்தபோது எனக்கு இரண்டு முகக்கவசம் மாட்டியிருந்தார்கள். அவள் என் கண்ணை மட்டும்தான் பார்த்தாள். நான் அவளை முழுசாகப் பார்த்தேன். காதோரம் பூனைமுடி. மூக்கு கணவருடையது. உள்ளங்கால் இப்போது ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது.

நாங்கள் வீடு திரும்பினோம். அக்கா எனக்கு முன்பே ஊருக்குப் போயிருந்தாள். இரண்டு பேரும் அடிக்கடி போனில் பேசினோம். மாமியார் அவளோடு சரியாகப் பேசுவதில்லை என்றாள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "அது இன்னா ஆச்சின்னு தெரிஞ்சிதா?" என்பதில்தான் வந்து நிற்கும். சில மாதம் கழிந்து மகளைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்ன அன்று, கொடிகளின் லேப் முடிவு வந்துவிட்டது, அக்காவையும் வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கணவரோடு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா தெள்ளாரிலிருந்து தனியாக பஸ் பிடித்து வந்தாள்.

அறையில் மெலிந்த, பல் கொஞ்சம் எடுப்பான ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று அவரிடமே சொன்னேன். "நான்தான்," என்றதும் குரலை வைத்து இரண்டு பேருக்கும் அடையாளம் தெரிந்தது. அக்கா அவர் முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்மாம் சின்னப் பொண்ணா நீங்க!" என்றாள்.

டாக்டர் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். அவளுடைய கொடிக்குள் கிருமி போயிருக்கிறது. போன இடமெல்லாம் இறுகி, ரத்தம் உறைந்து, குழந்தைக்கு ஆக்சிஜன் போகும் வழி அடைபட்டுவிட்டது. கொடியின் பெரும்பகுதி அப்படி ஆகியிருந்தது.

"வெயில்ல நின்னதால இல்ல. பஸ்ஸுல போனதால இல்ல. பப்பாளியால கண்டிப்பா இல்ல. கிருமி எங்கேருந்து வேணாலும் வந்திருக்கலாம், அன்னைக்கு அது எல்லா இடத்துலயும் இருந்துது. உங்க தப்பு ஒண்ணுமில்ல."

"இவுளுது?" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"இவங்களோடதுலயும் அங்கங்க சின்னச் சின்னதா உறைஞ்சிருந்தது. ஆனா கொஞ்சம்தான்."

"ஒரே வியாதி. ஒரே வார்டு. இவுளுக்குக் கொஞ்சம், எனுக்கு நெறைய. ஏன்?"

டாக்டர் கையை விரித்தார். "அதுதான் தெரியல. பல ஊர்கள்ல பாத்துகிட்டு இருக்காங்க. ஒருநாள் தெரியும்."

அக்கா தலையாட்டினாள். அந்தத் "தெரியல" அவளைத் தொந்தரவு செய்யவில்லை என்று தோன்றியது. பையிலிருந்து போனை எடுத்தாள். "இப்போ சொன்னீங்களே, அத எங்க அத்தைக்கு ஒரு தடவ சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க," என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர் முதலிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அக்கா எடுத்துப் பார்த்தாள். அப்போது அந்தக் குரல் வந்தது. வார்டில் கேட்ட குரல்தான், ஆனால் ரொம்பத் தணிந்திருந்தது.

"டாக்டரம்மா, அந்தக் கொழந்தைக்கு... அப்போ வலிச்சிருக்குமா?"

அக்கா நிமிர்ந்தாள். அத்தனை மாதமாக அந்த வீட்டில் கேள்வியைச் சுமந்தது அவள் ஒருத்தி மட்டும் இல்லை போலிருக்கிறது.

டாக்டர் போனருகே குனிந்தார். "உறுதியா தெரியாதும்மா," என்றார். "ஆனா கொஞ்சம் கொஞ்சமா அசந்து தூங்கிப் போயிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்."

"ம்," என்றது குரல். பிறகு, "அவுள சாப்ட்டுட்டு பஸ் ஏறச் சொல்லுங்க. காலைல ஒண்ணும் துன்னாம கெளம்பிட்டா," என்றது.

நாங்கள் மூன்று பேரும், மகளையும் சேர்த்தால் நாலு பேரும், ஆஸ்பத்திரி எதிரே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். என் கணவர்தான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா சாப்பிட்டுக் கைகழுவி வந்து அவளைத் தூக்கிக்கொண்டாள். அதுவரை அவள் என் மகளைத் தொட்டதில்லை. மகள் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்.

மாசமாக இருப்பவர்களுக்கும் ஊசி போடலாம் என்று அதற்குள் அறிவித்திருந்தார்கள். அக்கா மாசமாவதற்கு முன்பே இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டாள். ஓரிரு வருடத்தில் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல சத்தம். என் மகள் கொஞ்சம் தாமதமாக நடந்தாள். அதற்கும் அந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டபோது டாக்டர் தன் வழக்கமான பதிலைத்தான் சொன்னார். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வேன்காரர் ஹாரன் அடித்து அடித்துக் களைத்துப்போகிற அளவுக்கு மெதுவாகச் சாப்பிடுகிறாள், மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

போன வாரம் அக்கா போன் செய்தாள். அவள் கொழுந்தன் மனைவி மாசமாக இருக்கிறாளாம். சோதனைக்கு மாமியார்தான் கூட்டிக்கொண்டு போகிறாராம். சொல்லும்போதே அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நர்சம்மா மெஷின் வச்சிக் காட்டுனாங்களாம். இவங்க விடல. சத்தம் ஏன் இவ்ளோ ஜல்தியா போவுது, எங்களுக்கு ஏன் இவ்ளோ ஜல்தியா அடிக்கல, பொட்டப் புள்ளைக்கும் ஆம்பளப் புள்ளைக்கும் வேற வேறயா அடிக்குமான்னு ஒரே கேள்வி. நர்சம்மா கடசில இன்னா பண்ணாங்க தெரியுமா? எங்க அத்தைய வெளிய பெஞ்சுல ஒக்கார வச்சிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? பெஞ்சுல பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தவங்கள கேக்க ஆரமிச்சிட்டாங்க."